ஜிப்

மரப்பாலத்துக்கு இந்தப் பக்கம் இந்த வருஷம்,
அந்தப் பக்கம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டு.
வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.
கைபேசிகளைத் துணிப்பையில் வாங்கிக்கொண்டார்
சவுவா டீச்சர்.
முப்பத்தொரு பேர். நியூ பிரன்ஸ்விக்கின் அக்டோபர் காற்று
உப்புச் சதுப்பைக் கடந்து வந்து
காதைக் கடித்தது.

பாலம் தாண்டியதும்
ஜெர்வே தன் வேலையைத் தொடங்கினான்.
கொல்லரிடம் வைஃபை பாஸ்வேர்டு கேட்டான்.
“வைஃபையா? எந்தப் பண்ணைக்காரன் அவன்?
லாடம் அடித்த கூலி பாக்கி வைத்திருக்கிறானே,
அவனா?” என்றார்
சுத்தியலை நிறுத்தாமல்.
சிரித்தோம். ஜெர்வேக்கு ரோஷம்.
அச்சுக்கூடத்து வாசலில் வானத்தைக் காட்டினான்;
விமானம் ஒன்று வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போனது.
அச்சுக்காரர் அண்ணாந்து பார்த்தார்.
“நாளைக்கு மழை” என்று சொல்லிவிட்டு
உள்ளே போனார்.

ரெயால் மட்டும் வரிசையின் வாலில்.
அவன் அம்மா இங்கேதான் வேலை பார்க்கிறாள்.
எங்கள் தெருதான், எனக்குத் தெரியும்:
காலை ஆறரைக்கு நீளப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கார்க் கண்ணாடியில் பனி சுரண்டுவாள்.
யாரிடமும் சொல்லாதே என்று
பஸ்ஸில் ஒரு சாக்லேட்டை என் பக்கம் தள்ளியிருந்தான்.
தின்றாகிவிட்டது. இனி சொல்ல முடியாது.

ஏழாவது வீடு, விதவை மார்கெரித்தினுடையது.
புகை, ஈரக் கம்பளி, பக்வீட் அப்பம்.
அப்பத்தைத் திருப்பிக்கொண்டே கதை சொன்னாள்.
கணவனை ஆறு கொண்டுபோனது,
மரம் மிதக்கவிடும் வேலையில்.
பிள்ளைகள் ஐந்து. இருப்பது நாலு.
பத்து வயதுக்காரன் பிப்ரவரியில், காய்ச்சலில்.
“தரை உறைந்து கிடந்தது. குழி வெட்ட முடியவில்லை.
ஏப்ரல்வரை தேவாலயத்துக் கொட்டகையில் வைத்திருந்தோம்.”
ஒரு நாளைக்கு எட்டு முறை சொல்வாளாம்.
எட்டு முறையும் அந்த ஏப்ரல்.

“அவன் பேர் என்ன?” என்றாள் மிரேய்.
பெயர் சொல்ல வாயெடுத்தவள்
எங்கள் தலைகளுக்கு மேலே
கதவோரம் பார்த்தாள்.
அப்பம் கருகும் வாசனை வந்தது.
பிறகு ஒரு பெயர் சொன்னாள்,
பழைய காலத்துப் பெயர், மறந்துவிட்டேன்.
ரெயால் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

ஒவ்வொருவரிடமும் கேட்டபடி வந்தாள்:
“நீ யார் வீட்டுப் பிள்ளை?”
எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும்
கேட்கிற முதல் கேள்வி அதுதான்.
ரெயாலின் முறை.
“பாலத்துக்கு அந்தப் பக்கம்” என்றான்.
“அம்மா இருக்கிறாளா?”
“வேலைக்குப் போயிருக்கிறாள்.”
“குளிரில் இப்படியா அனுப்புவாள்?”
என்று அவன் ஜாக்கெட்டைத் தொட்டு
“அம்மாடி, பல் முளைத்த துணி!” என்றாள்.
எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ஜிப் போன குளிர்காலத்திலேயே கெட்டுப்போனது.
நாலாவது பல்லில் சிக்கும்.
காலையில் டீச்சர் இழுத்துப் பார்த்துத் தோற்றிருந்தார்.
அவளோ கீழ்நுனியை இடது விரலால் இறுக்கி
கொஞ்சம் சாய்த்து
ஒரே இழுப்பில் தாடைவரை ஏற்றினாள்.
மணிக்கட்டில்
கழற்றி வைத்த கடிகாரத்தின் வெளிறிய தடம்.
காலையிலிருந்து இப்படி ஒரு பிசகுக்காகவே
அலைந்த ஜெர்வே
அப்போது பார்த்து அப்பத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

பாலத்துக்கு இப்பால் கைபேசிகள் திரும்பி வந்தன.
டீச்சர் எண்ணினார்: முப்பத்தொன்று.
சந்தேகம் வந்து மறுபடி எண்ணினார்.
ரெயாலின் திரையை எட்டிப் பார்த்தேன், தப்புத்தான்.
பதினொன்று ஐம்பதுக்கு ஒரு செய்தி:
‘அப்பம் கருகியது உன்னால்தான்.’
அவன் என்ன பதில் எழுதினானோ,
திரையைத் திருப்பிக்கொண்டான்.

பஸ்ஸில் ஹீட்டர் கொதித்தது.
எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டோம்.
அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை,
ஜிப் தாடைவரை.