பின் சீட்டின் நீளம்

போனட்டைத் தொட்டேன். சுட்டது.
நாங்கள் வருவதற்குள் யாரோ
இதை எழுப்பிவிட்டிருக்கிறார்கள்.
ஆறிக் கிடந்த எஞ்சின் எப்படி முனகும் என்று கேட்கத்தான்
நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கினோம்.
"கழுவ வெளிய எடுத்தோமுங்க, வேற ஒண்ணுமில்ல"
என்கிறார் சவுக்கத் அலி.
கேட்டது நான். பதில் இவருக்கு.

கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம்
தகரக் கொட்டகைக்குள் பதினோரு வண்டிகள்.
இது வெள்ளை, டீசல், நாலு கதவு.
முன்னால் குடும்பம், பின்னால் லோடு.
எழுபத்திரண்டாயிரம் ஓடியதாக மீட்டர் சொல்கிறது.
கிளட்ச் பெடலில் ரப்பர் தேய்ந்து
இரும்பு தெரிகிறது.
அதன் கணக்கு வேறு.

இவர் ஆயில் மூடியைத் திறந்து
மேலே உள்ளங்கையைக் காட்டுகிறார்.
புகை கொஞ்சம் வருகிறது.
கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம் என்று
ஆண்கள் இருவரும் கால் மணி நேரம் பேசுகிறார்கள்.
நான் நோட்டைப் பிரிக்கிறேன்.

வாடகை வண்டிக்கு நடை ஒன்றுக்கு இரண்டாயிரத்து இருநூறு.
மாசம் பன்னிரண்டு நடை.
மேரக்காய், பட்டர் ஃப்ரூட், தையில் லீ பஜாருக்கு மிளகு.
ஆக இருபத்தாறாயிரத்து நானூறு.
இதை வாங்கினால்
தவணை பதினாறாயிரம்,
டீசல் எட்டாயிரம்,
இன்சூரன்ஸ், டயர், ஆயில் என்று இரண்டாயிரத்து நானூறு.
கூட்டினால் அதே தொகை.
ராத்திரி மூன்று தடவை கூட்டினேன்,
ஒரு ரூபாய் இந்தப் பக்கம் சாயவில்லை.

டிரையல் அடிவாரம் வரைதான் என்றார்கள்.
இவர் பேசிப் பேசி
ஐந்தாவது கொண்டை ஊசிவரை இழுத்துவிட்டார்.
இரண்டாவது கியரில் திணறாமல் ஏறியது.
ஏறும்போது நல்ல வண்டி.
இறங்கும்போதுதான் தெரிந்தது,
பட்டையில் பிளேட் ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள்.
ஒன்றரை டன்னுக்குப் பணிகிற வண்டி
காலியாக இருந்தால் ஆட்டுக்குட்டி.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
என் தலை கூரையில் இடித்தது.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு
எங்களை நிதானமாகப் பார்த்தது.

திரும்பி வந்து நிறுத்தினார்கள்.
செருப்பைக் கழற்றிவிட்டுப்
பின் சீட்டில் ஏறிப் படுத்தேன்.
நீட்டினால் கால் கதவுக்கு வெளியே போனது.
மடக்கிப் பார்த்தேன்.
தலைமாட்டில் பெல்ட் கொக்கி குத்தியது.
தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பையன்
குழாயை அப்படியே பிடித்து நின்றான்,
அவன் காலிலேயே தண்ணீர் கொட்டியது.
"தூங்கவா வண்டி வாங்குறீங்க?"
சவுக்கத் அலி சிரித்தார்.
இவர் சிரிக்கவில்லை.
குனிந்து, ஏற்கெனவே பார்த்த டயரை
இன்னொரு தரம் பார்த்தார்.

போன ஆடி. மழை. இரவு பதினொன்றரை.
கனிஷ்காவுக்கு வீசிங்.
கிடைத்தது ஒரு லோடு வண்டி.
முன்னால் டிரைவரோடு ஒரு சீட்டு,
அதிலும் யாரோ இருந்தார்கள்.
மேரக்காய் மூட்டைகளுக்கு நடுவே
அவளை மடியில் சாய்த்துப் பிடித்தேன்.
தார்ப்பாய் பறக்காமல் இவர் பிடித்தார்.
மேலிருந்து கீழே எண்ணினால்
இருபதாவது வளைவுதான் முதலில் வரும்.
ஒன்று வருவதற்குள்
அவள் மூச்சை நான் எண்ணியது
இந்த நோட்டில் இல்லை.

இன்று அவள் ஸ்கூலில் இருக்கிறாள்.
கணக்குப் பரீட்சை.

எழுந்து உட்கார்ந்து முடியைக் கட்டிக்கொண்டேன்.
"முப்பதாயிரம் குறைங்க.
அந்தக் கூடுதல் பிளேட்டைக் கழட்டிக் குடுங்க."
"லோடு தாங்காதுங்களே?"
"தாங்குற அளவுக்கு ஏத்திக்கறோம்."
அவர் இவரைப் பார்த்தார்.
இவர் டயரைப் பார்த்தார்.
"நாளைக்குச் சொல்றேனுங்க," என்றார்,
வேறு வழியில்லாமல் என்னிடம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது இவர் கேட்டார்:
"எவ்வளவு நீளம் இருக்கும்?"
"நாலரை அடி."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அவ வளர்ந்துடுவாளே."
"கால மடக்கினா எனக்கே போதுது," என்றேன்.
பஸ் வந்தது. கூட்டம்.
இவருக்குப் படிக்கட்டுதான் கிடைத்தது.