முப்பத்தொன்றும் முப்பத்தெட்டும்

புதன்கிழமை ஒத்திகையின் நடுவில்
ஆம்ப்ளிஃபையரின் பின்கூண்டில்
ஒரு வால்வு சிவந்துபோனது.
இழை இல்லை, இழை எப்போதும் சிவக்கும்.
தகடே சிவந்தது,
மணலி ஆலையின் தீநாக்கு ராத்திரியில்
மேகத்தின் அடிவயிற்றைச் சிவக்கவைப்பது மாதிரி.
முனிரத்தினம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.
கீழே ஐஸ் ஃபேக்டரியில்
கட்டி உடைக்கும் மிஷின் மட்டும்
பாட்டை விட்ட இடத்திலிருந்து வாசித்தது.

ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி மைதானத்தில்
இறுதி ஆட்டம் முடிந்ததும் எங்கள் கச்சேரி.
முன்பணம் வாங்கியாயிற்று.
அதில் பாதி டிரம்ஸ் தோலுக்குப் போயாயிற்று.

பர்மா பஜாருக்குப் பின்னால்
மாடிப்படியின் அடியில் ஹபீபுல்லா கடை.
பழைய பேப்பரில் சுற்றிய வால்வுகளை
ஒவ்வொன்றாய்ப் பிரித்து வைத்தார்.
"தலையப் பாருங்க மொதல்ல."
உச்சியில் வெள்ளிப்பூச்சு கண்ணாடியாய் மின்னினால்
உயிர் இருக்கிறது.
பாலாய் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது.
நான் காசிமேட்டு ஏலத்தில் கணக்கு எழுதுகிறவள்.
செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான்
விலை கேட்பார்கள் அங்கே.
இதற்குச் செவுள் உச்சியில். அவ்வளவுதான்.

புதுசு, ரஷ்ய எழுத்துப் பெட்டியில்,
ஜோடி ஐயாயிரத்து நானூறு.
பழசு ஒன்று எழுநூறு,
உடைத்த கப்பலின் ரேடியோவில் கழற்றியதாம்.
எந்தக் கப்பல் என்றேன்.
"மெதந்த கப்பல்தான்" என்றார்.

டெஸ்டரில் செருகி, சூடேறும்வரை டீ குடித்தோம்.
முள் முப்பத்தொன்றில் நின்றது.
அடுத்தது முப்பத்தெட்டு.
"ரெண்டும் நல்லதுதான். ஆனா ரஜ்ஜு தட்டுது."
சிரித்துவிட்டேன். ரஜ்ஜு உங்களுக்கு எப்படிங்க?
"பக்கத்துக் கடைக்காரர் மூணு வருஷமா
பொண்ணுக்குப் பாக்கறாரு.
எனக்கே பத்துப் பொருத்தமும் மனப்பாடம்."

ஏழே ஏழு மில்லி ஆம்பியர்.
ஆனால் ஒன்று தள்ள ஒன்று இழுக்க வேண்டிய வேலை.
ஒரு பக்கம் பலசாலி நின்று வலை இழுத்தால்
படகு வட்டம் அடிக்கும், கரைக்கு வராது.

பதினோரு வால்வு பார்த்தோம்.
முப்பத்துமூன்று ஒன்று கிடைத்தது.
பெட்டியில் புதுசு அப்படியே பளபளத்தது.
வாங்கியிருப்பேன், கடன் சொல்லியாவது.
மைதானத்து ஜெனரேட்டர் நினைவுக்கு வந்தது.
போன வருஷம் அது இருநூற்று அறுபது வோல்ட் தள்ளி
கமிட்டிக்காரர்களின் மைக்கைக் கருக்கியது.
கருகத்தான் போகிறதென்றால்
ஆயிரத்து நானூறு கருகட்டும்.

சின்ன வால்வும் ஒன்று மாற்றணும் என்றேன்.
சோதனைப் பெட்டியில் செருகி பென்சிலால் தட்டினார்.
ஒன்று ஊமை. நல்லது.
இன்னொன்று ஸ்பீக்கரில் டிங் என்றது.
மேலே யாரோ படியேறினார்கள், அதற்கும் டிங்.
"இது கெட்டது. எல்லாத்தையும் கேக்குது."
ஊமைக்குக் காசு கொடுத்தேன்.
கெட்டதைக் கொசுறாகக் கேட்டேன்.
"எதுக்கு?"
தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

ஷேர் ஆட்டோவில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
துப்பட்டாவில் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டேன்.
ராயபுரம் பாலத்தில் ஒரு பள்ளம்,
நாலு கண்ணாடியும் ஒரே நேரத்தில் சிணுங்கின.
முனிரத்தினம் கேட்டிருந்தான், புதுசா?
பதில் போடவில்லை.

ஞாயிறு, ஆட்டம் பெனால்டிவரை போனது.
ஜெயித்தவர்கள் தோளில் ஏறி ஊரைச் சுற்றப் போனார்கள்.
நான் வால்வு சூடேறக் காத்திருந்தேன்,
ஊமையைப் பையில் வைத்துவிட்டு
கொசுறைச் செருகியிருந்தேன்.
தோற்ற அணியின் கோல்கீப்பர்
மேடை ஓரத்தில் வந்து உட்கார்ந்து
ஒரு கையுறையைக் கழற்றினான்.
இன்னொன்றைக் கழற்றாமலே
பலகையில் ஒரு குத்து விட்டான்.
கிட்டாரில் என் கை இல்லை.
டிங் என்றது.
திரும்பிப் பார்த்தான்.
இன்னொரு முறை, மெதுவாக, குத்தினான்.