சில்லறை இல்லை

செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டிச் சாலையில்
எங்கள் சமுதாயக் கல்லூரி.
நான் அங்கே காசாளர்.
கட்டணமே இல்லாத காலேஜுக்குக் காசாளர் எதுக்கு
என்று கேட்டுவிட்டு
என் மைத்துனன் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டான்.

பூஜ்யத்துக்கும் ரசீது வேண்டும்.
ரசீது இல்லாமல் பஸ் பாஸ் கிடையாது.
ஜூன் மாதம் முழுக்கக் கார்பன் தாள் வைத்து
மூன்று பிரதிகளில் பூஜ்யம் எழுதினேன்.
வெள்ளை மாணவருக்கு,
மஞ்சள் தணிக்கைக்கு,
ரோஸ் யாருக்கென்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

காசிமாயன் சேர வந்தபோது
கூடவே அவன் அம்மா.
கரும்பு வெட்டிய கையில் துணி சுற்றியிருந்தது.
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஓசின்னு எழுதாதீக சார்.
சோப்பு வாங்கயில, செல்லுக்குக் காசு போடயில
குடுத்துட்டுத்தான் வந்துருக்கேன்."

நான் ஓசி என்று எழுதவில்லை.
அதைச் சொல்வதற்குள் அடுத்த கணக்கு வந்தது.
கப்பலூர் லேத்தில் இவனுக்கு நாளைக்கு அறுநூறு.
மாசம் இருபத்தாறு நாள்.
ரெண்டு வருஷப் படிப்பு.
"நீங்களே பெருக்கிப் பாருங்க."

பெருக்கினேன்.
மூன்று லட்சத்து எழுபத்து நாலாயிரத்து நானூறு.
அதை எழுத என் ரசீதில் கட்டம் இல்லை.
பையன் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான்,
பெயரில் ஒரு புள்ளியை விட்டுவிட்டு.

ஜூலைக் கூட்டத்தில்
மதுரையிலிருந்து வந்த அதிகாரி
திரையில் ஒரு கோடு காட்டினார்:
இது செலவல்ல, முதலீடு,
பதினைந்து வருஷத்தில் வரியாகத் திரும்பிவிடும்.
கைதட்டினோம். வடை சூடாகத்தான் இருந்தது.
ஆனால் வட்டிக்காரன் வருவது
பதினைந்தாம் தேதி.

ஆகஸ்டில் லேத் முதலாளி ஜபருல்லா
நேரே என் ஜன்னலுக்கு வந்தார்.
"நாலு பயலுகளத் தூக்கிட்டீங்க.
மிச்சம் இருக்கவன் கூலி ஏத்திக் கேக்குறான்.
எழுநூறாக்கிட்டேன்.
ஒங்க ஓசிக் காலேசுக்கு
நான்ல பீஸ் கட்டுறேன்!"
கத்திவிட்டு வாசல்வரை போனவர்
திரும்பி வந்து, குரலை இறக்கி,
"இந்தப் பேட்ச் எப்ப வெளிய வரும்?
புது சிஎன்சி மிசினு ரெண்டு
ஆளில்லாம நிக்குது" என்றார்.

நவம்பரில் காசிமாயன்.
தனியாக.
"டிசி வேணும்ணே.
இப்ப எழுநூறு தர்றாங்க."

படிக்க வந்தவர்கள் ஏற்றிவிட்ட கூலி
படிக்க வந்தவனையே கூப்பிடுகிறது.
நாங்கள் விலையைப் பூஜ்யமாக்கினோம்.
விலையோ ரெண்டு வருஷத்துக்கு
அறுபத்திரண்டாயிரத்து நானூறு
கூடிப்போய் நிற்கிறது.

சேர்வதற்குக் கட்டணம் இல்லை.
விலகுவதற்கு உண்டு:
மாற்றுச் சான்றிதழ், ஐம்பது ரூபாய்.
இந்த வருஷத்தின் முதல் வசூல்.

நூறு ரூபாய்த் தாளை நீட்டினான்.
"சில்லறை இல்லப்பா."
"ஜிபே பண்ணவாண்ணே?"
க்யூஆர் அட்டை பேரேட்டுக்கு அடியில் இருந்தது.
அதன்மேல் முழங்கையை வைத்துக்கொண்டு
"நெட்டு இல்ல, நாளைக்கு வா" என்றேன்.
"நாளைக்கும் இதத்தான் சொல்வீக."
"சொல்வேன்."

கொஞ்ச நேரம் நின்றான்.
மூணாவது பீரியட் என்ன என்று கேட்டேன்.
"ஃபிட்டிங்கு."
தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
படி இறங்கினால்
இடப்பக்கம் பஸ் ஸ்டாப், வலப்பக்கம் ஒர்க்‌ஷாப்.

நான் ரோஸ் பிரதி ஒன்றின் பின்பக்கம்
அந்தப் பெருக்கலை மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.
எந்தப் பக்கம் போனான் என்று
தலை தூக்கிப் பார்க்கவில்லை.