மூன்றாம் எண் கூண்டு

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குக்
கேபிள் வர வேண்டுமென்றால்
பிலோமினா வீட்டு மொட்டைமாடியைத் தாண்டித்தான் வர வேண்டும்.
குழாயடிச் சண்டைக்குப் பிறகு
அது நடக்காது.

"டிஷ் போட்டா யார் தயவும் வேணாம்"
என்றார் இவர்.
கேபிள்காரர் தஸ்தகீர் மட்டும்
"மழை வந்தா தேடுவீங்க" என்று சொல்லி
பாக்கி நூற்றியெண்பதை வாங்கிக்கொண்டு போனார்.

ஐப்பசி வரைக்கும் குறையில்லை.
குடை வானத்தைப் பார்த்தது,
நாங்கள் குடையைப் பார்த்தோம்.

நேற்றிரவு காற்று.
திரை முழுக்க நீலம்,
சிக்னல் இல்லை என்று ஒரே வரி.
இவர் மாடியில் நனைந்தபடி
"இப்போ? இப்போ?"
நான் கீழிருந்து
"இல்ல, இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம்
சன்னமாய் ஓடிக்கொண்டிருந்த செய்தி
திடீரென்று சத்தம் கூடியது:
கடலூர் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு,
நாளை பள்ளிகளுக்கு விடுமுறை.
முழுசாய்ச் சொல்லி முடித்த பின்
மறுபடி குறைந்தது.

பிலோமினாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

விடிந்ததும் மாடிக்குப் போனேன்,
அறுத்துவிட்ட ஒயர்
எங்கள் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று.
இருந்தது.
இவருடைய ஈர லுங்கி
அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.