இரண்டாயிரத்து எண்ணூறு வாட்

புயல் போய் மூன்றாம் நாள்.
கம்பங்கள் இன்னும் வயலில் படுத்திருக்கின்றன.
ஃபெஸ்டஸ் மாமா முன்னறையில், பெட்டிக்குள்,
ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு.

மேயோவின் இந்த மேற்கு முனையில்
செத்தவரைத் தனியே விடுவதில்லை.
ராத்திரி முழுக்க ஆள் வரும்.
வந்த ஆளுக்கெல்லாம் தேநீர் போகவேண்டும்.
இருட்டை மன்னிப்பார்கள், வெறுங்கோப்பையை மாட்டார்கள்.

புகைபோக்கி விழுந்ததில் அடுப்பும் போயிற்று.
பங்குக் கோயில் கூடத்திலிருந்து வந்தது கொதிகலன்:
நூறு கோப்பை, இரண்டாயிரத்து எண்ணூறு வாட்.
மாமாவின் ஜெனரேட்டரோ
சிவப்பாய், ஒரு சூட்கேஸ் அளவு,
ஆயிரத்து அறுநூறுக்கு மேல் ஒரு சொட்டும் தராதது.
சொருகினோம். ஒரு முக்கல்.
சிவப்பு விளக்கு.
இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது,
தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல.

அதே சிவப்பு, அதே சூட்கேஸ்
சுவருக்கு அந்தப் பக்கம் கோல்மன் கோகன் வீட்டில் இருப்பது
எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.
பெல்முல்லெட் கடையின் ஒரே தள்ளுபடியில்
வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று
முகம் பார்க்காமல் வாங்கியவர்கள்.
சுவர் இரண்டடி நகர்ந்தது என்பார் மாமா.
நகரவே இல்லை என்பார் அவர்.
பத்தொன்பது வருடம்.

மெழுகுவத்தி தேடி இழுப்பறையைக் குடைந்த
அட்ராக்டா அத்தைக்கு அகப்பட்டது ஒரு கம்பி.
இரண்டு முனையிலும் தலை, பிரிக்காத உறை, ரசீது.
"இது எதற்கு இவருக்கு? ஒன்றுதானே வைத்திருந்தார்!"
முப்பத்தெட்டு யூரோ.
தபால்தலைக்குக் கணக்குப் பார்க்கிற மனிதர்.

கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.
கோல்மன் கதவிலேயே நின்றிருந்தார்
சவரம் செய்து, கறுப்பு டை கட்டி,
வருவதா வேண்டாமா என்று.
"உங்கள் ஜெனரேட்டர் வேண்டும்."
"டாங்க் நிரம்ப இருக்கிறது."
அவ்வளவுதான் பேச்சு.
இருபத்தொரு கிலோ. சுவர்மேல் அவர் ஏற்ற
இந்தப் பக்கம் நான் இறக்கினேன்.
மேற்கல் ஒன்று உருண்டது.
எந்தப் பக்கம் விழுந்தது என்று அவர் பார்த்தார்.

கையேடு, பக்கம் முப்பத்தொன்று, வாயில் டார்ச்:
இரண்டும் ஒரே ரகமாக இருக்கவேண்டும்.
ஓடும்போது கம்பியைச் சொருகாதே, பிடுங்காதே.
சிக்கன விசையை அணை.
புகை ஜன்னலுக்குள் போகாத தூரத்தில் வை.
(இந்த வீட்டுக்கு இன்று ஒரு பெட்டி போதும்,
இதை நானே சேர்த்துக்கொண்டேன்.)

முதலில் மாமாவுடையது. பிறகு அவருடையது.
பின்னால் வந்தது முன்னதன் அலையைக் கேட்கிறதாம்,
ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி,
நொடிக்கு ஐம்பது முறை.
இம்மி பிசகாமல் ஒத்துவந்த பிறகே
சுமைக்குத் தோள் கொடுக்கிறதாம்.
வெளியே எங்களுக்குக் கேட்ட சத்தமோ
சேரவே இல்லை.
ஒன்று இருமியது, ஒன்று முனகியது,
கடைசிவரை அப்படித்தான்.
சேர்ந்ததெல்லாம் கம்பிக்குள்.

பச்சை.
இன்னொரு பச்சை.
கொதிகலனைத் திருகினேன். இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
அரை மணிக்கு மேல் இழுத்தன.
அதற்குள் கோல்மன் முன்னறைக்குப் போய்
எவ்வளவு நேரம் நின்றார் என்று
நான் கணக்கு வைக்கவில்லை.

மூன்று மணிக்குப் பெட்ரோல் ஊற்ற இரண்டையும் அணைத்தோம்.
சட்டென்று கடல் கேட்டது.
உள்ளே அறுபது பேர்
கோப்பையைப் பிடித்தபடி இருட்டில் பேச்சை நிறுத்தாமல்.
தன் கேனிலிருந்தே ஊற்றினார்.
மாமாவுடையதற்கு விளிம்புவரை,
தன்னுடையதற்குக் கொஞ்சம் குறைவாக.
கம்பியைத் தொடவில்லை.

விடிந்தபோது கல் புல்லில் கிடந்தது, எங்கள் பக்கம்.
அதைத் தாண்டி வீட்டுக்குப் போனார்
சட்டை மாற்ற.