ஒரு விரல் வலமாக

பதினோரு வருஷமாக என் ஷெவெல்
பிரேக்கை மிதித்தால் இடப்பக்கம் போகும்.
மிதிக்காதபோதும் லேசாக,
தூக்கத்தில் சுவரோரம் நகர்கிறவனைப் போல.
நான் ஸ்டீயரிங்கை ஒரு விரல் வலமாகப்
பிடித்துக்கொள்வேன். அவ்வளவுதான்.
கேட்டவர்களிடம்
மிச்சிகன் சாலைகள் அப்படி, நடுவில் மேடு,
ஓரத்தில் சரிவு என்பேன்.

மச்சான் டெல்மர் ஒருநாள் யோசித்துவிட்டுச் சொன்னான்:
நாம் போவது சாலையின் வலப்பக்கம்.
சரிவும் வலப்பக்கம்.
உன் வண்டி மட்டும் மேட்டில் ஏறுகிறதே, எப்படி?

நவம்பர் பாதி. மான் வேட்டைக்கு ஊரே காடேறிவிட்டது.
சர்க்கரை ஆலையில் எனக்கு இரண்டு நாள் விடுப்பு.
நாங்கள் வண்டிக்கு அடியில் ஏறினோம்.

முந்தைய சொந்தக்காரர் பனிக்காலத்திலும் ஓட்டியிருக்கிறார்.
சாலை உப்பு தின்று மிச்சம் வைத்த போல்ட்டுகள்.
ஒன்றுக்கு அரை நாள்.

சுருள்வில்லைச் சங்கிலியால் கட்டச் சொன்னான்.
கட்டாமல் அவிழ்த்த ஒருவனை அவனுக்குத் தெரியுமாம்.
அந்த ஆளின் தாடையைப் பற்றி
விரிவாகச் சொன்னான்.
சங்கிலியை இன்னொரு சுற்று சுற்றினேன்.
ஜாக்கியை மூச்சுவிடுவது போல இறக்கினோம்.

இடப்பக்கத்துக் கீழ்க்கை வெளியே வந்தது.
புஷ்ஷைப் பார்த்தோம்.
எழுபதாம் வருஷத்து ரப்பர்,
வறண்ட உதடு மாதிரி வெடித்து,
நடுவில் இருக்கவேண்டிய இரும்புக் குழல்
கன்னத்தில் ஒதுக்கிய மிட்டாயாக
ஓரத்தில் கிடந்தது.
டெல்மர் தொப்பியைக் கழற்றினான்.
இதன்மேலா
என் அக்காவை உட்காரவைத்து ஓட்டினாய்?

தீ வைத்தோம். ரப்பர் கொப்பளித்து, குமிழியிட்டு,
பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு நாறி,
வழுக்கிக்கொண்டு வெளியேறியது.
புதியது பாலியூரித்தேன். சிவப்பு. நகம் இறங்காது.
பழைய ஓட்டை எறியாதே, இது அதற்குள்தான் உட்காரும் என்று
பெட்டிக்குள் ஒரு தாள், கொட்டை எழுத்தில்.
தாளைப் படித்தது ஓட்டை எறிந்த பிறகு.

குப்பைத் தொட்டியில் தலைவிட்டிருந்தேன்.
ரோண்டா கதவருகே வந்து, என்ன, என்றாள்.
ஓடு, என்றேன்.
அவள் ஓடவில்லை. நின்று பார்த்தாள்.

கிரீஸ் தேன் மாதிரி நூல்விட்டது.
நிறையப் பூசு, இல்லாவிட்டால் கத்தும், என்றான்.
பூசினால்?
பூசினாலும் ஒருநாள் கத்தும்.

தரையோடு நூல் பிடித்து,
தகடு சொருகி, தகடு உருவி,
சக்கரங்கள் இரண்டும் ஒரே திசையைப் பார்க்கவைத்தபோது
ஞாயிறு மதியம்.

பே சிட்டிக்குப் போகும் சாலை.
லாரிகள் சிந்திய பீட் கிழங்குகள் ஓரத்தில்.
பழைய ரப்பர் இத்தனை நாள்
எனக்குச் சொல்லாமல் விழுங்கிய கல், விரிசல்,
பாலத்து இணைப்பு எல்லாம்
நேரே உள்ளங்கைக்கு வந்து பேசின.

வண்டி நேராகப் போனது.
நான் வலப்பக்கம் போனேன்.

சரளைக்கல் அடியில் தடதடத்தது.
ஒரு கிழங்கு நசுங்கியது.
திருப்பிக் கொண்டுவந்தேன். மறுபடியும் போனேன்.
டெல்மர் ஸ்டீயரிங்கைப் பார்க்கவில்லை,
என் விரலைப் பார்த்தான்.
இப்போது யார் இழுக்கிறது? என்றான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
என் கூடம் நிஜமாகவே கோணல், எரித்த ரப்பர் சாட்சி.
அதில் பதினோரு வருஷம்
தடுக்கி விழாமல் ஆடியவன் நான்.
கூடத்தை நேராக்கினார்கள்,
சுவரில் முட்டுகிறேன்.

இரவுச் சாப்பாடு.
ரோண்டா தலை நிமிர்ந்தாள், வாய் திறந்தாள்.
அவள் சொல்லும் முன்பே நான்,
சரி சரி, நாளைக்கே செய்துவிடுகிறேன், என்றேன்.

அவள் கேட்க வந்தது உப்பு.