மூன்றிலிருந்து இரண்டுக்கு

காது போன பிறகு
காரை விற்றுவிடச் சொன்னார்கள்.
விற்கவில்லை.
எண்பத்தொன்பதாம் வருடத்து ஆடி, சாம்பல் நிறம்,
பின்னிருக்கையில் யாருடைய ஆட்டு வாடையோ.
எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்
நான் வாங்கும்போதே செத்திருந்தது,
பூஜ்யத்தில் படுத்தபடி.

எஞ்சினைக் கேட்டு கியரை மாற்று என்பார்கள்.
அப்படித்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்
முப்பத்தொரு வயது வரை.
மூளைக்காய்ச்சல், ஒன்பது நாள்.
பத்தாம் நாள் நர்ஸ் வாயை அசைத்தாள்.
வெறும் அசைவு.

இப்போது தோ-அஷூ கணவாய்.
பிஷ்கெக்கை விட்டு மூன்று மணி நேரம்.
ஆகஸ்ட்தான், ஆனால் மேலே போன வருடத்துப் பனி.
பக்கத்தில் கொழுந்தன் எர்மெக்,
அவன் மடியில் நாத்தனார் கல்யாணத்துக்கு
மூன்று அடுக்கு கேக்.
முன்னால் வைக்கோல் ஏற்றிய காமாஸ் லாரி
குளித்துவிட்டு வந்த எருமை மாதிரி
வழி முழுக்க அசைந்துகொண்டு.

இரண்டு, என்கிறது எர்மெக்கின் உதடு.
இரண்டு போடு அண்ணி.
விரலிலும் காட்டுகிறான்.
அவனுக்கு லைசென்ஸ் இல்லை,
காது இருக்கிறது.

எனக்கு வேறு இடங்களில் கேட்கிறது.
கியர்க் குமிழுக்குள் ஈ ஒன்று
அடைபட்டாற்போல் உள்ளங்கை கிறுகிறுத்தால்
மூன்று போதும்.
ஈ பெருத்து வண்டாகி
மணிக்கட்டு எலும்பில் முட்டத் தொடங்கினால்
வண்டி கெஞ்சுகிறது.
அப்போதும் அவசரப்படமாட்டேன்.
பின்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பேன்,
அதிர்வில் மலை நடுங்கும்,
விளிம்பு கலையும்,
ஒரு மலை இரண்டு மலையாகத் தெரியும்.
இரண்டு.

கிளட்ச்சை மிதித்து,
எந்தப் பல்லும் எதையும் கவ்வாமல்
அரை நொடி.
அந்த அரை நொடியில் கார் யாருடையதும் இல்லை.
ஏற்றத்தில் அது கந்துவட்டி,
சேர்த்த வேகமெல்லாம் போய்விடும்.
கல்யாணம் பேசி முடிக்க
எனக்கு இவ்வளவு யோசனை வரவில்லை.

கவ்வியது.
இடுப்பெலும்பில் ஒரு தள்ளு.
எர்மெக் கேக் பெட்டியைக் கட்டிக்கொண்டான்.

சுரங்கப்பாதையைத் தாண்டியதும்
சாலை தலைகீழாகக் கொட்டுகிறது, சூசாமிர் வரை.
நியூட்ரல், என்கிறான் இப்போது, பெட்ரோல் மிச்சம்.
இறங்கும்போதும் இரண்டுதான், என்றேன்.
ஏறும்போது எஞ்சின் இழுக்க,
இறங்கும்போது எஞ்சின் பிடிக்க.
காமாஸ்காரன் பிரேக்கை நம்பி முன்னால் போனான்.
நாலாவது வளைவில் முதலில் வாடை வந்தது,
பிறகு சக்கரத்தில் புகை.
ஓரத்து மண்மேட்டில் மூக்கைக் குத்தி நின்றிருந்தான்,
வைக்கோல் பாதி சாலையில்,
எங்கிருந்தோ வந்த குதிரைகள் அதற்குள் மேயத் தொடங்கிவிட்டன.
டிரைவர் கல்லில் உட்கார்ந்து சிகரெட்டைத் தேடினான்.
உயிருக்கு ஒன்றுமில்லை, என்று கை காட்டினான்.

கீழே, குமிஸ் விற்கும் கூடாரத்தின் முன் நிறுத்தினேன்.
எஞ்சினை அணைக்கப் போனேன்,
எர்மெக் தடுத்தான்.
கேக்கைப் பின்னால் வைத்துவிட்டு
(ஒரு பக்கத்து ரோஜா உதிர்ந்திருந்தது)
கியர்க் குமிழின் மேல் கையை வைத்தான்,
கண்ணை மூடினான்.
வெகுநேரம்.
பிறகு என் பக்கம் முழுசாகத் திரும்பி,
உதடு தெரிய,
என்ன சொல்லுது? என்று கேட்டான்.

பசிக்குதாம், என்றேன்.
கத்திவிட்டேன் போல.
கூடாரத்துப் பெண் கிண்ணத்தோடு திரும்பிப் பார்த்தாள்.